பிக்சட் டெபாசிட் கணக்கை நீங்களே போடுங்கள்

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டுக் கேட்கிறீர்கள், படம் பார்க்கிறீர்கள், பிள்ளைகள் கேம்ஸ் விளையாடுகிறார்கள். "இவ்வளவு காசு போட்டு வாங்கினோமே, குடும்பத்துக்கு உபயோகமாக என்ன செய்வது?" என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல இந்தப் பாடம் உதவும்.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றார். கைக்கு வந்த பணத்தில் 5 லட்சம் ரூபாயை மகள் கல்யாணத்துக்கென்று ஐந்து வருடத்துக்கு டெபாசிட் செய்ய நினைத்தார். ஒருநாள் மாலை இரண்டு விளம்பரத் தாள்களோடு வந்தார். ஒன்று வங்கியினுடையது. அவர் வயதுக்கு உரிய கூடுதல் வட்டியையும் சேர்த்து ஆண்டுக்கு 7 சதவீதம் என்றது. மற்றொன்று ஒரு நிதி நிறுவனத்தினுடையது. அதில் "ஆண்டு ஈட்டு விகிதம் 7.95 சதவீதம்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"நிதி நிறுவனத்தில் கிட்டத்தட்ட 1 சதவீதம் அதிகமாகத் தருகிறார்கள் சார். நாளைக்கே செக் கொடுத்துவிடப் போகிறேன்" என்றார். "ஐந்து நிமிடம் உட்காருங்கள் சார்" என்று சொல்லிவிட்டு எக்செல்லைத் திறந்தேன். அன்று போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாகச் செய்யப் போகிறோம்.

வட்டி எப்படி வளர்கிறது?

முதலில் தனிவட்டி. 1 லட்சம் ரூபாய்க்கு 7 சதவீதம் என்றால் வருடத்துக்கு 7,000 ரூபாய். ஐந்து வருடத்தில் 35,000 ரூபாய். இது பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான்.

ஆனால் நம் நாட்டு வங்கிகள் நீண்ட கால டெபாசிட்டுகளுக்கு வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைக் கணக்கிட்டு அசலோடு சேர்த்துவிடுகின்றன. அடுத்த மூன்று மாதத்துக்கு, சேர்ந்த வட்டிக்கும் வட்டி உண்டு. இதுதான் காலாண்டுக் கூட்டுவட்டி.

7 சதவீதத்தை நான்கால் வகுத்தால் 1.75. ஆக 1 லட்சம் ரூபாய்க்கு முதல் காலாண்டில் 1,750 ரூபாய் வட்டி. இரண்டாம் காலாண்டில் 1,01,750 ரூபாய்க்கு வட்டி போடுவதால் 1,781 ரூபாய். மூன்றாவதில் 1,812. நான்காவதில் 1,843. ஒரு வருடத்தில் மொத்தம் 7,186 ரூபாய். அதாவது 7 சதவீதம் என்று சொன்னது உண்மையில் 7.19 சதவீதமாக ஆகிறது.

இப்படி 20 காலாண்டுகளுக்குக் கையால் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

எக்செல்லில் அட்டவணை

எக்செல்லைத் திறந்து ஒரு புதிய ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் அல்லது கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்தலாம். இந்தப் பாடத்தின் பார்முலாக்கள் மூன்றிலும் ஒன்றுதான்.

மேலே ஆங்கில எழுத்துகள் இருப்பவை காலம்கள். இடப்பக்கம் எண்கள் இருப்பவை வரிசைகள். பி காலமும் முதல் வரிசையும் சந்திக்கும் கட்டத்துக்கு பி1 என்று பெயர். ஏ காலத்தில் தலைப்புகளையும் பி காலத்தில் எண்களையும் அடிக்கப் போகிறோம்.

1. ஏ1 செல்லில் "அசல்" என்று அடியுங்கள். பி1-இல் 100000 என்று கமா இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள்.

2. ஏ2-இல் "வட்டி விகிதம்". பி2-இல் 7% என்று சதவீதக் குறியோடு அடியுங்கள். இந்தக் குறி மிக முக்கியம். வெறும் 7 என்று அடித்தால் எக்செல் அதை 700 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். உங்கள் 1 லட்சம் ஐந்து வருடத்தில் கோடி கோடியாகிவிடும், திரையில் மட்டும்!

3. ஏ3-இல் "வருடத்துக்கு எத்தனை முறை". பி3-இல் 4.

4. ஏ4-இல் "வருடங்கள்". பி4-இல் 5. ஒன்றரை வருடம் என்றால் 1.5 என்று அடிக்கலாம்.

5. ஏ5-இல் "முதிர்வுத் தொகை". பி5-இல் பார்முலா. செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

=பி1*(1+பி2/பி3)^(பி3*பி4)

பெருக்கல் குறிக்கு ஷிப்ட்டுடன் 8. கூரை போன்ற அடுக்குக் குறிக்கு ஷிப்ட்டுடன் 6. செல் பெயரை அடிப்பதற்குப் பதில் அந்த இடம் வரும்போது மவுஸால் அந்த செல்லில் கிளிக் செய்தாலும் போதும், பெயர் தானாக வந்துவிடும். என்டர் தட்டுங்கள். 141477.8 என்பது போல விடை வரும். அதாவது 1,41,478 ரூபாய். எண்ணுக்குப் பதில் வேலி போன்ற குறிகள் வரிசையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். காலம் அகலம் போதவில்லை என்று அர்த்தம். மேலே பி, சி எழுத்துகளுக்கு நடுவே உள்ள கோட்டை மவுஸால் பிடித்து வலப்பக்கம் இழுங்கள்.

பார்முலாவின் பொருள் இதுதான்: வட்டி விகிதத்தை நான்காகப் பிரி, ஒன்றோடு கூட்டு, எத்தனை காலாண்டோ அத்தனை முறை பெருக்கு. முன்பு நாம் கையால் செய்த அதே வேலை.

6. ஏ6-இல் "மொத்த வட்டி". பி6-இல் =பி5-பி1. விடை 41,478 ரூபாய். தனிவட்டியைவிட 6,478 ரூபாய் அதிகம்.

7. ஏ7-இல் "உண்மையான ஆண்டு வட்டி". பி7-இல் =(1+பி2/பி3)^பி3-1.

8. ஏ8-இல் "விளம்பர வட்டி". பி8-இல் =பி6/பி1/பி4.

பி7, பி8 இரண்டையும் செலக்ட் செய்து, மேலே சதவீதக் குறி உள்ள பட்டனைக் கிளிக் செய்யுங்கள். பக்கத்தில் பூஜ்யங்களும் அம்புக்குறியும் உள்ள இரண்டு பட்டன்கள் இருக்கும். தசம இடத்தைக் கூட்டும் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். பி7-இல் 7.19 சதவீதமும் பி8-இல் 8.30 சதவீதமும் தெரியும்.

ஒரே டெபாசிட், மூன்று எண்கள்

7, 7.19, 8.30 என்ற மூன்று எண்களும் ஒரே டெபாசிட்டைப் பற்றியவை. எதுவும் பொய்யில்லை. ஆனால் எட்டாவது வரியில் உள்ள எண் ஏமாற்றக்கூடியது. ஐந்து வருட மொத்த வட்டியை ஐந்தால் வகுத்து, "வருடத்துக்கு இவ்வளவு" என்று காட்டுகிறது. வருடாவருடம் அந்தப் பணம் உங்கள் கைக்கு வருவதில்லை. டெபாசிட் காலம் நீள நீள இந்த எண் இன்னும் பெரிதாகத் தெரியும். பி4-இல் 5-ஐ அழித்துவிட்டு 10 என்று போட்டுப் பாருங்கள். உண்மையான ஆண்டு வட்டி 7.19-இலேயே நிற்கும். விளம்பர வட்டி மட்டும் 10 சதவீதத்தைத் தாண்டிவிடும். பார்த்த பிறகு பி4-ஐ மீண்டும் 5 ஆக்கிவிடுங்கள்.

இப்போது எதிர்வீட்டுக்காரரின் கேள்விக்கு வருவோம். நிதி நிறுவனத்தின் தாளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி படித்தோம். கீழே பொடி எழுத்தில் "வட்டி விகிதம் ஆண்டுக்கு 6.75 சதவீதம், காலாண்டுக் கூட்டுவட்டி, ஐந்தாண்டு" என்று இருந்தது.

பி1 முதல் பி8 வரை செலக்ட் செய்து கன்ட்ரோலுடன் சி அழுத்துங்கள். சி1 செல்லில் கிளிக் செய்து கன்ட்ரோலுடன் வி அழுத்துங்கள். முழுக் கணக்கும் சி காலத்துக்கு வந்துவிடும். பார்முலாக்களில் உள்ள செல் பெயர்களும் தாமாக சி1, சி2 என்று மாறியிருக்கும். இனி சி2-இல் மட்டும் 6.75% என்று அடியுங்கள். பி1, சி1 இரண்டிலும் 500000 என்று மாற்றுங்கள்.

வங்கியில் முதிர்வுத் தொகை 7,07,389 ரூபாய். நிதி நிறுவனத்தில் 6,98,749 ரூபாய். சி8-இல் அதே 7.95 சதவீதம் வந்து நின்றது. "அதிகம்" என்று நினைத்த இடத்தில் 8,640 ரூபாய் குறைவு! எதிர்வீட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் எந்த எண்ணைக் கேட்க வேண்டும்?" என்றார்.

சரியான கேள்வி. இரண்டு இடங்களை ஒப்பிடும்போது ஏழாவது வரியை ஏழாவது வரியோடு ஒப்பிடுங்கள். இன்னும் எளிதாக, "இந்தத் தேதியில் கைக்கு எத்தனை ரூபாய் வரும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ரூபாயை ரூபாயோடு ஒப்பிட்டால் குழப்பமே இல்லை.

கணக்கு மாறும் இடங்கள்

உங்கள் எக்செல் கணக்கும் பாஸ்புக்கும் ஒத்துப்போகவில்லையா? கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

மாதாமாதம் வட்டி: வட்டியை மாதந்தோறும் வாங்கிக்கொண்டால் கூட்டுவட்டி கிடையாது. அதோடு, மூன்று மாத வட்டியை முன்கூட்டியே பிரித்துத் தருவதால் வங்கிகள் சிறிது கழித்துக்கொள்ளும். 1 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் மாதம் 583 ரூபாய் எதிர்பார்ப்பீர்கள், வருவது சுமார் 580 ரூபாய்.

குறுகிய காலம்: ஆறு மாதத்துக்குக் குறைந்த டெபாசிட்டுகளுக்கு வழக்கமாகத் தனிவட்டிதான். 400 நாள் போன்ற டெபாசிட்டுகளில், முழுக் காலாண்டுகள் போக மிச்ச நாட்களுக்குத் தனிவட்டி போடுவது வழக்கம். அதனால் சில ரூபாய் முன்பின் ஆகலாம்.

அஞ்சலக டைம் டெபாசிட்: இங்கே வட்டி காலாண்டு முறையில் கணக்கிடப்பட்டு வருடம் ஒருமுறை தரப்படும். எடுக்காமல் விட்ட வட்டிக்கு மேற்கொண்டு வட்டி கிடையாது. அதே 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1 லட்சத்துக்கு வருடம் 7,186 ரூபாய், ஐந்து வருடத்தில் 35,930 ரூபாய். 41,478 ரூபாய் வராது. நம் ஐந்தாவது வரிப் பார்முலாவை இதற்கு அப்படியே போடக் கூடாது.

முன்கூட்டியே எடுத்தால்: ஐந்து வருட டெபாசிட்டை ஒரு வருடத்தில் உடைத்தால் ஐந்து வருட வட்டி கிடைக்காது. பணம் போட்ட அன்று ஒரு வருட டெபாசிட்டுக்கு என்ன விகிதமோ, அதிலிருந்தும் அபராதமாகச் சிறிது கழித்துக்கொள்வார்கள். உதாரணமாக ஒரு வருட விகிதம் 6.5 சதவீதம், அபராதம் 1 சதவீதம் என்றால் கணக்கு 5.5 சதவீதத்துக்குத்தான். 1 லட்சத்துக்கு 7,186 ரூபாய்க்குப் பதில் 5,614 ரூபாய் வரும். நடுவில் பணம் தேவைப்படலாம் என்று தோன்றினால் மொத்தத்தையும் ஒரே டெபாசிட்டாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம்.

வரிப் பிடித்தம்: ஒரு வங்கியில் ஒரு நிதியாண்டில் உங்கள் வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் வரி பிடிக்கும். மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு 1 லட்சம். இந்த வரம்புகள் 2025 ஏப்ரல் 1 முதல் வந்தவை. பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். வட்டி கைக்கு வராமல் அசலில் சேர்ந்தாலும் பிடித்தம் உண்டு. அதனால் முதிர்வுத் தொகை குறையும். வருமானம் வரி வரம்புக்குள் இருப்பவர்கள் ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கொடுத்துவிட வேண்டும்.

வட்டியைவிட முக்கியமானது

எதிர்வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொன்னேன். வங்கி டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரி 4 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை இந்தப் பாதுகாப்பு. அதற்கு முன் 1 லட்சமாக இருந்தது. நிதி நிறுவன டெபாசிட்டுகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது.

நம் அட்டவணையைப் பாருங்கள். 5 லட்சம் ஐந்து வருடத்தில் 7 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. முழுவதும் காப்பீட்டுக்குள் இருக்க வேண்டுமானால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போட வேண்டும். பி1-இல் 250000 என்று போட்டால் 3,53,695 ரூபாய் வருகிறது. ஒவ்வொரு வங்கியிலும் வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. மொத்தத் தொகையும் குறையவில்லை. அவர் அப்படியே செய்தார்.

ஷீட்டை "டெபாசிட் கணக்கு" என்று பெயர் கொடுத்து சேவ் செய்துகொள்ளுங்கள். இங்கே சொன்ன வட்டி விகிதங்கள் உதாரணத்துக்குத்தான். விகிதங்கள் அவ்வப்போது மாறும். வங்கிக்குப் போகும் முன் அன்றைய விகிதத்தை பி2-இல் போட்டு, முதிர்வுத் தொகையை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். அவர்கள் தரும் ரசீதில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் காரணம் கேளுங்கள். உங்கள் பணம், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.