புத்தகத்தை மூடும் முன்

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களைச் சாமி முன்னால் அடுக்கி வைக்கிறோம். அன்று யாரும் அவற்றைத் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமி. அதே புத்தகத்தை எடுத்துப் பிரித்து நாலு வரியாவது வாசிக்கிறோம். மூடும்போதே திறக்கும் நாள் தெரிந்திருக்கிறது. ஆண்டிறுதியில் நம் வகுப்புகளை நாம் அப்படி மூடுகிறோமா?

நம் இளைஞர்களில் பல பேர் ஆசிரியர்கள். சிலர் பள்ளியில் வேலை பார்க்கிறார்கள், சிலர் டியூஷன் எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் சமய வகுப்பு நடத்தும் அண்ணன், அக்காமாரும் உண்டு. நம்மூரில் குளிர்காலம் கிடையாது. ஆண்டுக் கடைசியில் மழையும் பள்ளி விடுமுறையும் வரும். சிங்கப்பூரில் ஏறக்குறைய ஆறு வாரம் லீவு. மலேசியாவிலும் 2026 முதல் பள்ளி ஆண்டு பழையபடி ஜனவரியில் தொடங்குகிறது.

அந்த லீவுக்கு முந்திய சில வாரங்கள் எப்படிப் போகின்றன? பரீட்சை முடிந்துவிடும். "டீச்சர், இன்னைக்குப் படம் போடுங்க" என்பார்கள் பிள்ளைகள். நமக்கும் அலுப்பாக இருக்கும். விட்டுப்போன பாடங்களை ஒரே மூச்சில் ஓட்டுவோம், இல்லாவிட்டால் ஒன்றுமே செய்ய மாட்டோம். இரண்டாலும் பிள்ளைக்குப் பயனில்லை. என்ன செய்யலாம்?

1. படித்ததை நினைவிலிருந்து எடுக்க வையுங்கள்

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களிடம் ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். சிலர் அதையே திரும்ப வாசித்தார்கள். சிலர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்களே முந்தினார்கள்.

ஆகவே ஒரு வெற்றுத்தாளைக் கொடுங்கள். "இந்த வருஷம் படிச்சதுல ஞாபகம் இருக்கிறதை எழுதுங்க" என்று சொல்லுங்கள். பிறகு பக்கத்துப் பிள்ளையின் தாளோடு சேர்த்துப் பார்க்கட்டும். சமய வகுப்பில் தேவாரத்தை ஏட்டைப் பார்க்காமல் பாடட்டும். ஒருவர் விட்ட இடத்தை இன்னொருவர் எடுத்துக் கொடுக்கட்டும். மார்க் போட வேண்டாம்.

2. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சொல்

"நீ நல்ல பிள்ளை" என்றால் போதாது. "ஜனவரியில எழுந்து நிக்கவே கூச்சப்பட்ட. இப்போ எல்லார் முன்னாலயும் பாடுற" என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். வகுப்பில் 20 பேர் என்றால் நாளுக்கு மூன்று பேர் வீதம் ஏழு நாளில் முடித்துவிடலாம். வாரம் ஒரு நாள் வகுப்பா? வாரத்துக்கு ஐந்து பேர், நான்கு வாரம். குறும்பு செய்யும் பிள்ளையை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவனைப் பற்றி யோசிக்கத்தான் நமக்கு நேரம் பிடிக்கும்.

3. லீவைப் பார்த்துப் பயப்படும் பிள்ளை

எல்லாப் பிள்ளைக்கும் லீவு கொண்டாட்டம் இல்லை. அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போக, நாள் முழுக்கக் கைப்பேசியோடு தனியாக இருக்கும் பிள்ளை உண்டு. வீட்டுச் சண்டைக்கு நடுவே இருக்கும் பிள்ளையும் உண்டு. லீவு நெருங்க நெருங்க ஒருவன் வாடுகிறான், வகுப்பு முடிந்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் நிற்கிறான் என்றால் கவனியுங்கள். "லீவுல வீட்டுல யார் இருப்பாங்க?" என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள்.

ஆபத்து என்று தெரிந்தால் "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பள்ளி ஆலோசகரிடமோ பொறுப்பாளரிடமோ அன்றே சொல்லுங்கள். மலேசியாவில் தாலியான் காசே 15999 என்ற எண் இருக்கிறது. சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பேசுவதற்கென்றே டிங்கில் ஃபிரெண்ட் 1800-2744-788 இருக்கிறது. லீவு விட்ட பிறகு இதைக் கவனிக்க நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

4. அடுத்தவருக்கு ஒரு பக்கம்

வகுப்பு எடுத்த அண்ணன் மேற்படிப்புக்கு வெளியூர் போனார், அதோடு வகுப்பும் நின்றுபோனது. இது பல இடங்களில் நடக்கும் கதை. எங்கே நிறுத்தினோம், எந்தப் பிள்ளைக்கு எது வராது, யாருக்குப் பாட்டு வரும், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரே ஒரு பக்கம் எழுதி வையுங்கள். வருபவர் முதலிலிருந்து தடுமாற வேண்டியதில்லை.

5. திறக்கும் நாளைச் சொல்லி மூடுங்கள்

"லீவு முடிஞ்சு பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். தேதியைச் சொல்லுங்கள். அன்று யார் விளக்கேற்றுவது, யார் பூ கொண்டுவருவது என்று இப்போதே பிரித்துக் கொடுங்கள். கடைசி வகுப்பில் ராமாயணக் கதை சொல்கிறீர்களா? அனுமன் கடலைத் தாண்டக் கிளம்பும் இடத்தில் நிறுத்துங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். "அடுத்த வருஷம் முதல் வகுப்புல சொல்றேன்." தனக்காக ஓர் இடம் காத்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளை திரும்பி வரும்.

இவ்வளவும் செய்துவிட்டு நீங்களும் ஓய்வெடுங்கள். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்துக்கே ஒரு நாள் ஓய்வு கொடுக்கிறோம்.

கலந்து பேச:
• உங்கள் வகுப்பில் லீவுக்குப் பிறகு திரும்பி வராத பிள்ளைகள் யார்? ஏன் வரவில்லை?
• நீங்கள் அடுத்த ஆண்டு இல்லையென்றால், உங்கள் வகுப்பை நடத்த யாருக்கு எல்லாம் தெரியும்?
• கடைசி வகுப்பில் எந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லப்போகிறீர்கள்?