ஒரு டம்ளருக்கு எத்தனை கிராம்?



மலையடிவாரத்துக் குழு ஒன்றில் சாம்பார் பொடி தயாரித்து விற்கிறார்கள். மல்லி, மிளகாய், பருப்பு, அரைவைக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு கிலோவுக்கு 300 ரூபாய் செலவு. விற்பது டம்ளர் கணக்கில், ஒரு டம்ளர் 35 ரூபாய். "கிலோவுக்குப் பத்து டம்ளர் வரும் மேடம், 50 ரூபாய் நிக்கும்" என்றார் ஊக்குநர். ஆனால் பெட்டியில் காசு நிற்கவில்லை. யார் எடுத்தது என்று முணுமுணுப்பு கிளம்பி, இரண்டு உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

தராசு கொண்டுபோய் அந்த டம்ளரை நிறுத்துப் பார்த்தோம். தட்டி, அமுக்கி, கோபுரமாக அளந்தால் 125 கிராம் பிடிக்கிறது. அப்படியென்றால் கிலோவுக்கு எட்டு டம்ளர்தான். எட்டு டம்ளருக்கு 280 ரூபாய். கிலோவுக்கு 20 ரூபாய் நம்ம கைக்காசு போயிருக்கு! பணத்தை யாரும் எடுக்கவில்லை. இதில் என் தப்பும் உண்டு. பயிற்சியில் "டம்ளர் கணக்கே போதும்" என்று சொன்னவள் நான்தான்.

டம்ளரும் படியும் பொருள் அடைக்கிற இடத்தை அளக்கின்றன. தராசு எடையை அளக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதே பாத்திரத்தில் அரிசி 800 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். மாவு அதைவிடக் குறைவு. முழு வரமிளகாய் என்றால் சொல்லவே வேண்டாம், பாதி காற்றுதான். மாவிலும் மில்லில் இருந்து சூடாக வந்தது பொசுபொசுவென்று இருக்கும். இரண்டு நாள் டப்பாவில் இருந்தால் அமுங்கிவிடும். அப்போது அதே டம்ளரில் கூடுதல் எடை பிடிக்கும்.

போடியில் ஏலக்காய் பொறுக்கப் போகிறவர்களுக்கு இது புதிதில்லை. வியாபாரிகள் "லிட்டர் வெயிட்" பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பி நிறுத்துப் பார்ப்பது அது. அக்மார்க் தரப்படி 7 மில்லிமீட்டர் பச்சை ஏலக்காய் லிட்டருக்கு 435 கிராமாவது இருக்க வேண்டும், 6 மில்லிமீட்டர் காய் 415, 5 மில்லிமீட்டர் காய் 385. பார்க்கப் பெருசா இருந்தாலும் உள்ளே விதை முற்றாமல் சோடையாக இருந்தால் எடை காட்டிக்கொடுத்துவிடும். ஏலத்தில் விலை பேசுவது கிலோவுக்கு. ஆனால் எந்தச் சரக்குக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு இந்த லிட்டர் எடையும் ஒரு கணக்கு.

நம் பாட்டிமார் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்று அளந்தார்கள். வீட்டுச் சமையலுக்கு இன்றும் அது போதும். ஆனால் படியே ஊருக்கு ஊர் மாறும். வாங்குவது கிலோவில், விற்பது படியில் என்றால் கணக்கு உதைக்கத்தான் செய்யும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள். காலி டம்ளரைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பொடியை அமுக்காமல், தட்டாமல் நிரப்பி, மேலே ஒரு குச்சியால் வழித்துவிட்டு மறுபடி நிறுங்கள். காலி டம்ளர் எடையைக் கழித்தால் பொடியின் எடை. மூன்று தடவை செய்து, கூட்டி மூன்றால் வகுங்கள். அந்த எண்ணை அந்தப் பொடியின் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். சாம்பார் பொடிக்கு வந்த எண் சத்துமாவுக்குப் பொருந்தாது, தனியாக நிறுக்க வேண்டும். டம்ளரை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து!

பாக்கெட் போட்டு விற்கிறவர்கள் டம்ளரை விட்டுவிட்டுத் தராசுக்கு வந்துவிடுங்கள். பாக்கெட்டில் நிகர எடையைக் கிராமில் அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். விற்பனைக்கு வைக்கிற எலக்ட்ரானிக் தராசுக்கு வருடாவருடம் முத்திரையும் போட வேண்டும்.

அந்தக் குழு இப்போது 100 கிராம் பாக்கெட்டாக 35 ரூபாய்க்கே விற்கிறது. விலகியிருந்த இருவரில் ஒருவர் திரும்பி வந்துவிட்டார். இன்னொருவர் வீட்டுக்கு ஊக்குநரோடு நானும் போக வேண்டும். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் அளவு டம்ளரையும் கொஞ்சம் பொடியும் எடுத்து வாருங்கள், தராசு நான் கொண்டு வருகிறேன்.