கோமேதகத்துக்குள் தெரியும் வெளிச்சம்

அன்புள்ள கயல்விழி,

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நீ அப்ரண்டிஸாக இருக்கும் பட்டறையில், தண்ணீரோடு பாய்ந்து இரும்புத் தகட்டை அறுக்கும் சிவப்பு மணல் என்னவென்று கேட்டிருந்தாய். அது கார்னெட், பெரும்பாலும் இரும்பும் அலுமினியமும் சேர்ந்த அல்மண்டின் வகை. நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் இதே குடும்பம்தான். அது கால்சியம் மிகுந்த கிராசுலர் வகை.

மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு சிட்டிகை மணல் எடுத்து வா. எல்சிடி திரையுள்ள மடிக்கணினியில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, திரையைப் படுக்க வை. போலராய்டு கண்ணாடியைத் திரைக்கு மேலே பிடித்து, திரை கறுக்கும் வரை திருப்பு. இடையில் ஒரு கண்ணாடித் துண்டில் மணலைத் தூவி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, லென்ஸ் வைத்துப் பார். பிளாஸ்டிக் தட்டு வேண்டாம், அதுவே வண்ணம் காட்டிக் குழப்பும். கண்ணாடித் துண்டை மெல்லச் சுழற்றினால், மணலில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள்கள் மின்னி மின்னி மறையும். சிவப்புத் துகள்கள் இருட்டாகவே இருக்கும். கார்னெட் கனசதுரப் படிகம். அதற்குள் ஒளி எந்தத் திசையிலும் ஒரே வேகத்தில் போகும் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான்.

ஆனால் அதே இடத்தில் ஒரு கோமேதகத்தை வைத்தால், பல கற்களில் நெளிநெளியான வெளிச்சப் பட்டைகள் தெரியும். உள்ளிருக்கும் இறுக்கம் ஒரு காரணம். எனக்கு அதைவிட வியப்பான காரணம் வேறு. கிராசுலரில் அலுமினியம் இருக்க வேண்டிய இடங்களில் கொஞ்சம் இரும்பும் குடியேறும். முழுப் படிகத்துக்குள் அந்த இடங்கள் எல்லாம் சமம். வளர்ந்துகொண்டிருக்கும் முகப்பிலோ அவை சமமல்ல. அங்கே இரும்பு சில இடங்களையும் அலுமினியம் சில இடங்களையும் பிடித்துக்கொள்ள, அந்த வரிசை அப்படியே உறைந்துவிடுகிறது. கனசதுரச் சமச்சீர் குலைகிறது; ஒளி இரண்டாகப் பிரிகிறது.

அல்மண்டினும் இதற்கு முழு விலக்கல்ல. குறைந்த வெப்பத்தில் உருமாறிய பாறைகளில் உள்ள சாதாரணக் கார்னெட் கனசதுரமாக அல்ல, நாற்கோண அமைப்பில் வளர்கிறது என்று 2019-இல் பெர்னார்தோ செசாரே குழுவினர் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் காட்டினார்கள். உன் பட்டறை மணல் நம் தென்கடற்கரையுடையது என்றால், அதன் கார்னெட் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறைகளிலிருந்து வந்தது. அந்த வெப்பத்தில் அணுக்கள் இடம் மாறிக் கலந்துவிடும். உன் துகள்கள் இருட்டாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

நாளை யாராவது ஒரு கோமேதகத்தைக் காட்டி, “உள்ளே வெளிச்சம் தெரிகிறது, இது போலி” என்றால் உடனே ஒத்துக்கொள்ளாதே. ஒளிவிலகல் எண்ணையும் அடர்த்தியையும் அளக்கச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா