விளக்கொளியில் நாற்று

‘நாறுதல்’ என்னும் சொல்லுக்கு முளைத்தல், தோன்றுதல் என்னும் பொருள்களும் உண்டு. அதனின்று பிறந்ததே ‘நாற்று’. முளைத்தது நிலைபெற ஒளி வேண்டும் என்பதைக் கனடாவின் டொராண்டோவில் கத்தரியும் மிளகாயும் பயிரிடும் தமிழர் நன்கறிவர். அங்கு மே மாதத்திலும் உறைபனி விழக்கூடும். அதன் பின்னர் விதைத்தால், செடி நிறையக் காய்க்குமுன்னரே குளிர் சூழ்ந்துவிடும். ஆகவே மார்ச்சிலேயே வீட்டினுள் விதைக்கின்றனர். அம்முறையை ஈண்டுக் காண்போம்.

சன்னலோர ஒளி பெரும்பாலும் போதாது. ஒளி குறைந்தால் நாற்று அதனைத் தேடித் தண்டு நீண்டு, வெளிறி, சாயும். இதனைத் தவிர்க்கப் பெருஞ்செலவு வேண்டா. மரச்சட்டத்தில் சங்கிலியால் தொங்கவிட்ட வெண்ணிறக் குழல்விளக்குகள் இரண்டு போதும். விளக்கு விலக விலக ஒளி குன்றும். எனவே இலைக்கு மேல் 5 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் அவை நிற்றல் வேண்டும். செடி வளர வளரச் சங்கிலியை உயர்த்துக. நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் ஒளி; எஞ்சிய பொழுது இருள். வெளியே நடுமுன் ஒரு வாரம் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குதல் இன்றியமையாதது.

நாற்றைக் காப்பது விளக்கின் விலையன்று, அதன் அண்மையே என்பதை நாம் மனங்கொள்வோமாக.