வழி கேட்டே பார்த்த துறைமுக நகரம்

சென்னையை நாமாகவே எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று இந்த மாதச் சுவர் இதழில் எழுதுகிறேன். நான் போய்விட்டு வந்து எழுதுவதால் நம்பிப் படிக்கலாம்!

போன கதை

எங்க அப்பா லாரி ஓட்டுகிறார். ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவிலும் “சென்னைக்குக் கூட்டிட்டுப் போறேன்”னு சொல்வார். அன்றைக்குப் பார்த்து லோடு வந்துவிடும். போன லீவில் அம்மா, “நாமளே போவோம்டி”ன்னு சொல்லிட்டாங்க. அப்பாயிக்குக் கோபம். “ஆம்பளத் துணை இல்லாம ரெண்டு பொம்பளைங்க அவ்வளவு பெரிய ஊர்ல என்ன பண்ணுவீங்க?” என்றார். அம்மா ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவர். திருச்சியைத் தாண்டித் தனியாகப் போனதே இல்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

ஸ்ரீரங்கத்திலிருந்து சென்னை சுமார் 330 கிலோமீட்டர். இரவு ரயில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கினோம். வெளிச்சம் வரும்வரை நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

முதல் தப்பு

கடற்கரை நிலையத்துக்கு மின்சார ரயிலில் டிக்கெட் வாங்கினோம். வந்த ரயிலில் நான்தான் அவசரப்பட்டு அம்மாவை ஏற்றினேன். அடுத்து வந்த ஸ்டேஷன் பெயரைப் படித்தால் சேத்துப்பட்டு! அது எதிர்த் திசை. அம்மா முகமே வாடிப்போச்சு. இறங்கி நின்றபோது காலி மீன்கூடையோடு ஒரு அக்கா, “இன்னாம்மா, பீச்சுக்கா? அந்தாண்ட பிளாட்பாரம். நானும் அங்கதான் போறேன், வா” என்று கூட்டிப்போனார்.

அவர் காசிமேட்டில் மீன் வாங்கப் போகிறவர். பிறந்தது ராயபுரம் பக்கமாம். “எங்க பாட்டி வீடு இருந்த எடம் இப்ப கடலுக்குள்ள கீது” என்றார். எனக்கு அது அப்போது புரியவில்லை. எழும்பூர், பூங்கா, கோட்டை, கடற்கரை என்று வரிசையாக நிலையங்களைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நடந்து பார்த்தவை

கடற்கரை நிலையத்தை விட்டு வெளியே வந்தால் ராஜாஜி சாலை. எதிரே துறைமுகம். அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மதிலுக்கு மேலே பெரிய பெரிய கிரேன்கள் தெரிந்தன. அப்படியே தெற்கே நடந்தோம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் பிழைப்புக்காகக் கடை போட்ட பர்மா பஜார், 1884இல் திறந்த சிவப்பு நிறத் தலைமை அஞ்சலகம், பாரிமுனை, உயர்நீதிமன்றம் எல்லாம் அடுத்தடுத்து வந்தன.

உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில்தான் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. நம்ம ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல அம்மா பார்த்தாங்க. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இந்த ஊர் மேல் குண்டு வீசியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன. அதன் நினைவுக் கல்வெட்டு உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கிறது. “அவன் பெரிய எம்டன்” என்று நாம் சொல்வது இந்தக் கப்பலால்தான். (நம் வகுப்பு எம்டன்கள் கவனிக்கவும்!)

பிறகு புனித ஜார்ஜ் கோட்டை. உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. அங்கிருந்து பஸ்ஸில் மெரினா.

பாடம்: மணல் எங்கிருந்து வந்தது?

ஆங்கிலேயர் 1639இல் இடம் வாங்கி ஊரை அமைத்தபோது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நின்றன. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகளில் ஆட்களையும் சரக்கையும் அலைக்கு நடுவே கரைசேர்த்தார்கள். 1875இல்தான் துறைமுகத்துக்கு அடிக்கல் நட்டார்கள். 1881இல் வந்த புயல் கட்டிய சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடியும் கட்டினார்கள்.

சென்னைக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா இவ்வளவு அகலமானது அதனால்தான். வடக்கே ராயபுரம் பக்கம் போகவேண்டிய மணல் போகவில்லை. அங்கே கடல் கரையை அரித்தது. இப்போது கற்களைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள்.

லீவு முடிந்து சமூக அறிவியல் டீச்சர் இதை விளக்கியபோதுதான் மீன்கார அக்கா சொன்னது எனக்குப் புரிந்தது. நான் ஓடி விளையாடின மணலும், அவங்க பாட்டி வீடு போனதும் ஒரே சுவரால் வந்தவை. அந்த அக்காவுக்கு நான் நன்றிகூடச் சரியாகச் சொல்லவில்லை.

செய்து பாருங்கள்: ஓடுகிற வாய்க்காலில் கரையை ஒட்டிக் குறுக்கே பாதியளவு செங்கல் வையுங்கள். ஒரு பக்கம் மணல் சேரும். மறுபக்கம் அரிக்கும்.

நீங்கள் போனால்

1. ரயில் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.
2. போலீஸ், கண்டக்டர், கடைக்காரர், பூ விற்கும் அம்மா இவர்களிடம் வழி கேளுங்கள். இரண்டு பேரிடம் கேட்டால் இன்னும் நல்லது.
3. சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு டிக்கெட் இலவசம். ஏறும் முன் போர்டைப் பார்க்கவும்.
4. அடையாள அட்டை, தண்ணீர், கட்டுச்சோறு அவசியம். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகம் திறக்காது.
5. வீட்டு போன் நம்பரைத் தாளில் எழுதி வையுங்கள். செல்போன் அணைந்துவிடும், தாள் அணையாது!
6. என்னை மாதிரி சின்னப் பிள்ளைகள் பெரியவர்களோடுதான் போகணும்.

ராத்திரி எழும்பூரில் ஊருக்கு ரயில் ஏற நின்றோம். அப்போது கைக்குழந்தையோடு ஒருத்தர் வந்து, “பீச் ரயில் எந்தப் பக்கம்க்கா?” என்று அம்மாவைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே கையை நீட்டி, “அந்தப் பக்கம்மா. பார்த்து ஏறுங்க, நாங்க மாறி ஏறிட்டோம்”னு சொன்னாங்க.

அப்பாயி இப்போது, “அடுத்த தடவை நானும் வரேன்”கிறார்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி