ஐந்து கஜமா, பத்து கஜமா?



போன வருடம் துறைகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டியில் என் அறைத் தோழனுக்குக் கால் எலும்பு முறிந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும், விடுங்கப்பா" என்று எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அவன் ஆறு வாரம் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, துணைக்கு உட்கார்ந்து நான் படித்த ஒரு வரலாற்றை இங்கே சொல்கிறேன்.

அமெரிக்காவில் 'கல்லூரி ஃபுட்பால்' என்றால் நம்ம கால்பந்து இல்லை. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். ஆனால் தொடக்கம் நம்ம ஆட்டம் மாதிரிதான். 1869 நவம்பர் 6 அன்று நியூஜெர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதின. பக்கத்துக்கு 25 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. ரட்கர்ஸ் 6-4 என ஜெயித்தது.

பிறகு ரக்பி முறை கலந்தது. யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் முன்னின்று விதிகளை மாற்றினார். 1880-ல் அணிக்கு 11 பேர் என்றானது. 1882-ல் இன்னொரு விதி வந்தது: மூன்று முயற்சிக்குள் 5 கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு.

இங்கேதான் கணக்கு இருக்கிறது. ஐந்தை மூன்றால் வகுத்தால், ஒரு முயற்சிக்கு இரண்டு கஜம்கூடத் தேவையில்லை. பந்தை முன்னோக்கி எறியவும் அனுமதி இல்லை. பசங்க என்ன செய்வாங்க? ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கூட்டமாக ஒரே இடத்தில் இடித்தார்கள். 1892-ல் ஹார்வர்டு அணி ஆப்பு வடிவில் வேகமாக ஓடிவந்து மோதும் முறையைக் கொண்டுவந்தது. நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம் என்று நாம் படித்திருக்கிறோமே, அதன் முழு பலமும் எதிரில் நின்ற ஒருவன் மேல் விழுந்தது! 1894-ல் அதைத் தடை செய்தார்கள். ஆனாலும் கூட்டமாக இடிப்பது ஓயவில்லை.

1905-ல் மட்டும் கல்லூரிகளிலும் பள்ளிகளிலுமாகப் பதினெட்டுக்குக் குறையாத மாணவர்கள் இறந்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகனே ஹார்வர்டில் ஆடிக்கொண்டிருந்தான். அவர் அக்டோபரில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். "ஒழுங்காக ஆடுவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நவம்பரில் நியூயார்க்கில் ஒரு மாணவன் களத்தில் அடிபட்டு இறந்தான். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே நிறுத்தியது. டிசம்பர் 28 அன்று 62 கல்லூரிகள் கூடிப் பேசின.

1906-ல் விதிகள் மாறின. மூன்று முயற்சிக்கு 10 கஜம். இரு அணி வரிசைகளுக்கும் நடுவே பந்தின் நீளத்துக்கு இடைவெளி. பந்தை முன்னோக்கி எறியலாம். இடித்து மட்டுமே பத்து கஜம் போவது கஷ்டம்; அதனால் ஆட்டம் மைதானம் முழுக்கப் பரவும் என்பது கணக்கு. அந்த செப்டம்பரில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் எறிந்த முதல் பந்தை யாரும் பிடிக்கவில்லை. விதிப்படி பந்து எதிரணிக்குப் போனது. அதற்காக அவர்கள் விட்டுவிடவில்லை. அந்த வருடம் ஆடிய 11 ஆட்டத்திலும் வென்றார்கள்.

ஒரே திருத்தத்தில் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1909-ல் மறுபடியும் உயிர்கள் போயின. 1910-ல், பந்து வைத்திருப்பவனைப் பின்னாலிருந்து தள்ளுவதையும், கைகோத்து இடிப்பதையும் தடுத்தார்கள். 1912-ல் நான்கு முயற்சிகள் கொடுத்தார்கள். 1913-ல் நோட்டர் டேம் அணி எறிபந்து முறையால் ராணுவக் கல்லூரியை 35-13 என்று வீழ்த்தியபோது, புது ஆட்டத்தின் பலம் எல்லோருக்கும் புரிந்தது.

நண்பர்களே, அந்தப் பசங்க கெட்டவங்க இல்லை. இடித்தால்தான் ஜெயிக்கலாம் என்று விதி இருந்தது, இடித்தார்கள். கிரைண்டிங் சக்கரத்துக்கு மூடி போடாமல் "பார்த்து வேலை செய்" என்று போர்டு மட்டும் மாட்டினால் விபத்து நிற்குமா?

நம் போட்டியில் நடுவர் இல்லை. இருட்டிய பிறகும் ஆடினோம். கணுக்காலுக்கு மேல் காப்பு யாரும் கட்டவில்லை. இது நாமே வைத்த போட்டி, குற்றமும் நம்முடையதுதான். அடுத்த வருடம் இந்த மூன்றையும் விதியாக எழுதிவிட்டுப் பந்தைத் தொடுவோம்.

என் தோழன் இப்போது நன்றாக நடக்கிறான். மைதானப் பக்கம் கூப்பிட்டால் மட்டும் "நீ போடா, நான் பார்க்கிறேன்" என்கிறான். அவன் மறுபடி இறங்கி ஆட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்