கரையோர மணலும் உலக மண்ணியல் மாநாடும்

கேள்வி: உலக மண்ணியல் மாநாட்டில் பங்குபற்றுவதால் இளம் ஆய்வாளர் ஒருவருக்குக் கிடைக்கும் பயன் என்ன?
– வாசகர், தம்பிலுவில்

பதில்: 1924இல் ரோமில் உருவாகி, இன்று அனைத்துலக மண்ணியல் ஒன்றியம் என வழங்கும் அமைப்பு, 1927இல் வாஷிங்டனில் தன் முதல் மாநாட்டைக் கூட்டியது. 1982இல் புதுடில்லியிலும் 2022இல் கிளாஸ்கோவிலும் கூடிய அம்மாநாட்டில், இளம் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் மேடையன்றி, ஆய்வை ஒரே தாளில் விளக்கும் சுவரொட்டிக்கான இடமே கிடைக்கும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. மேடையுரைக்குப் பின் ஓரிரு கேள்விகளுக்கே நேரமிருக்க, சுவரொட்டியின் முன் நிற்பவரோ அளவீட்டு முறையையே துருவிக் கேட்பார்.

2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த கரையோர மணலின் உவர்த்தன்மையை ஒருவர் ஆராய்ந்திருப்பின், கரைந்துள்ள உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், நீரால் நிறைவுற்ற மண்குழம்பின் சாற்றில் அளக்கப்பட்டதா, ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்த கரைசலில் அளக்கப்பட்டதா என்பதே முதலில் எழும் கேள்வி. மீற்றருக்கு 4 டெசிசீமன்ஸ் என்னும் உவர்நில எல்லை முன்னதற்கே உரியது. பின்னதில் நீர் மிகுவதால் அளவு குறைந்து தோன்றும், அதுவும் சிறிது நீரிலேயே நிறைவுறும் மணலில் அவ்வேறுபாடு களிமண்ணைவிடப் பெரிது. இத்தகைய கேள்விகளை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக ஆய்வரங்கு போன்ற அருகிலுள்ள அவையில் முதலில் எதிர்கொள்வது நன்று. பயண உதவிக்கு விண்ணப்பிக்கும் காலமோ பெரும்பாலும் மாநாட்டுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும்.